முதல் வகுப்பின் மணல்: சிறுபிள்ளைகளின் கல்வியும் விளையாட்டும் பற்றிய ஒரு திருச்சபை வரலாற்று நோக்கு

முன்னுரை

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் சங்கங்களையும், விசுவாசப் பிரமாணங்களையும், பேராயர்களையும், பிரிவினைகளையும் பற்றி விரிவாக எழுதுவர். ஐந்து வயதுப் பிள்ளை முதன்முதலாகப் பள்ளியின் வாயிலில் நுழையும் அந்த ஓராண்டைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் நம் நாட்டில் எண்ணற்ற குடும்பங்கள் திருச்சபை என்னும் அமைப்பை முதலில் சந்தித்தது ஆலயத்தில் அன்று. நம் பள்ளிகளின் முதல் வகுப்பிலேயே. அங்கே பிள்ளை கண்டது எதுவோ, அதுவே அதற்குக் கிறிஸ்தவம்.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் உறுப்பினராக இருந்த ஒரு பள்ளிக் குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அப்பள்ளியின் முதல் வகுப்பை ஒட்டி, வேப்பமரத்தின் அடியில், செங்கல் வரம்பு கட்டி ஆற்றுமணல் கொட்டிய இடம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதில் வீடு கட்டினர், கிணறு தோண்டினர், விரலால் எழுதி அழித்தனர். அவ்விடத்தில் கூடுதல் வகுப்பறை ஒன்று கட்ட வேண்டும் என்பதே தீர்மானம். ஆசிரியர்களின் சார்பில் வந்திருந்த முதல் வகுப்பு ஆசிரியை மட்டும் எழுந்து, "ஐயா, பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்?" என்று கேட்டார். "பெற்றோர் பணம் கட்டி விளையாடவா அனுப்புகிறார்கள், அம்மா?" என்று குழுவினர் ஒருவர் விடையளித்தார். சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம், நாமும் கை உயர்த்தினோம். மணல் வாரப்பட்டு அடித்தளம் நிரப்பப் பயன்பட்டது.

அந்த ஆசிரியையின் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அதற்கு வரலாற்றில் விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. சீர்திருத்தத் திருச்சபைகளின் மரபில் சிறுபிள்ளையின் விளையாட்டு ஒரு காலத்தில் வரவேற்கப்பட்டது, பிறிதொரு காலத்தில் வெளியேற்றப்பட்டது, மீண்டும் வரவேற்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இதனைத் தீர்மானித்தது கற்பித்தல் முறை பற்றிய அறிவு மட்டுமன்று. கடவுளுக்கு முன் பிள்ளை யார் என்பது பற்றிய நம்பிக்கையுமாகும்.

1. லூத்தர்: தொடக்கத்தில் இருந்த தாராளம்

மார்ட்டின் லூத்தர் பள்ளியின் கொடுமையைத் தம் உடலில் அறிந்தவர். தமக்குக் கற்பிக்கப்படாத இலக்கணப் பாடத்தைச் சொல்லத் தெரியாமற்போனதற்காக ஒரே காலையில் 15 முறை அடிபட்டதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். 1524ஆம் ஆண்டில் ஜெர்மானிய நகர மன்றத்தாருக்கு, கிறிஸ்தவப் பள்ளிகளை நிறுவுமாறு வேண்டி அவர் ஒரு நூல் எழுதினார். நரகத்திற்கும் உத்தரிக்கும் தலத்திற்கும் ஒப்பான பழைய பள்ளிகள் இனி வேண்டா என்கிறார் அதில். பிள்ளைகள் ஓடவும் துள்ளவும் வேண்டியவர்கள். அதைத் தடுப்பது இயலாது, தடுப்பது நன்றுமன்று. ஆகவே அவர்கள் மகிழ்ச்சியோடு கற்கும் வகையில் பள்ளியை அமைக்கலாகாதா என்று வினவுகிறார். நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரம் பள்ளியிலிருந்தால் போதும். கோலியாட்டத்திலும் பந்தாட்டத்திலும் அவர்கள் செலவிடும் நேரம் அதனினும் பல மடங்கு என்பது அவர் கணக்கு.

1530ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் மாமன்றம் கூடியிருந்தது. சீர்திருத்த இயக்கத்தின் எதிர்காலமே அங்கு முடிவாகவிருந்த வேளையில், கோபர்க் கோட்டையில் தங்கியிருந்த லூத்தர், நான்கு வயதான தம் மகன் ஹான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெபிப்பதிலும் கற்பதிலும் மகிழும் பிள்ளைகள் செல்லக்கூடிய அழகிய தோட்டம் ஒன்றை அதில் வருணிக்கிறார். அங்கே கனிகள் உண்டு. சிறு குதிரைகள் உண்டு. ஊதுகுழலும் முரசும் உண்டு. விண்ணுலகைத் தம் மகனுக்கு அறிமுகம் செய்ய அவர் எடுத்துக்கொண்ட உருவகம் ஒரு விளையாட்டுத் தோட்டம் என்பது குறிப்பிடத்தக்கது.

2. கொமேனியஸ்: அகதியான ஆயரின் பள்ளி

லூத்தர் குறிப்பாகச் சொன்னதை முறையான கல்விக் கொள்கையாக வகுத்தவர் யோவான் ஆமோஸ் கொமேனியஸ் (1592–1670). இவரை நாம் கல்வியாளர் என்றே அறிவோம். இவர் மொராவிய சகோதரர் சபையின் பேராயர் என்பதை மறந்துவிடுகிறோம். முப்பதாண்டுப் போரில் தம் மனைவியையும் இரு பிள்ளைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார்; 1628இல் தாயகத்தை விட்டுப் போலந்து நாட்டின் லெஸ்னோ நகருக்கு அகதியாகச் சென்றார். அக்காலத்தில் அவர் எழுதியதே தாயின் மடியிலுள்ள பிள்ளைகளின் கல்வி பற்றிய நூல். அது 1633இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

ஆறு வயதுக்கு முன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்பது அவர் கொள்கை. களிமண்ணாலும் கல்லாலும் மரத்துண்டுகளாலும் பிள்ளை வீடு கட்டுவதை அவர் வீண்செயலாகக் கருதவில்லை. கைத்தொழிலின் தொடக்கமாகவே கண்டார். பள்ளிக்குச் செல்லும் நாள் நெருங்கும்போது, ஆசிரியரின் பிரம்பைச் சொல்லிப் பிள்ளையை அச்சுறுத்தும் பெற்றோரை அவர் கடிந்துகொள்கிறார். திருவிழாவுக்குப் புறப்படுவது போன்ற மகிழ்ச்சியைப் பிள்ளையின் உள்ளத்தில் எழுப்ப வேண்டும் என்கிறார். பள்ளியில் சேர்ந்த பின்னரும், தாய்மொழிப் பள்ளிக்கு அவர் விதித்த பாடவேளை நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே.

1650 முதல் 1654 வரை ஹங்கேரியின் சாரோஸ்பதக் நகரில் பணியாற்றியபோது பாடங்களை நாடகங்களாக்கி மாணவர்களை நடிக்கச் செய்தார். அந்நாடகங்களைக் கொண்ட நூலின் பெயரே பள்ளியை விளையாட்டு எனக் குறிப்பதாகும். 1658இல் நியூரம்பர்கில் அச்சான அவரது பட நூலின் தொடக்கத்தில் எழுத்துகள் உயிரினங்களின் ஒலிகளோடு வருகின்றன; காகம் கரைகிறது, ஆடு கத்துகிறது, பிள்ளை அந்த ஒலியைப் பின்பற்றி எழுத்தை அறிகிறது. பள்ளி செல்லும் முன்பே இப்படங்களைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்த்து மகிழவிடுங்கள் என்று முன்னுரையில் வேண்டுகிறார்.

அமைதியும் வசதியும் நிறைந்த நாட்டில் வாழ்ந்த ஒருவர் இவற்றை எழுதியிருந்தால் நமக்கு வியப்பில்லை. பிள்ளைகளைப் புதைத்த ஒருவர், 1656இல் லெஸ்னோ எரிந்தபோது தம் கையெழுத்துப் படிகளையும் இழந்த ஒருவர், இவற்றை எழுதினார். துன்பகாலத்தில் விளையாட்டு தகாது என்று அவர் எண்ணவில்லை.

3. ஹாலே: விளையாட்டு வெளியேற்றப்பட்டது

நம் தமிழ்த் திருச்சபையோடு நேரடித் தொடர்புடைய மரபு கொமேனியஸின் மரபன்று. ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663–1727) வகுத்த ஹாலே மரபு. 1692இல் ஹாலேயின் புறநகரான கிளௌகாவுக்குப் போதகராக வந்த அவர் கண்டது வறுமை, கொள்ளைநோயின் வடு, மதுக்கடைகள், அநாதைப் பிள்ளைகள். 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு சிறு பள்ளி தொடங்கினார். அவர் மறைந்தபோது அந்நிறுவனங்களில் 2,000க்கும் மேற்பட்டோர் பயின்றனர். ஆசிரியருக்குப் பயிற்சி, பெண்பிள்ளைகளுக்கும் கல்வி, இயற்கைப் பொருள்களைத் திரட்டிய காட்சியறை ஆகியன அங்கிருந்தன. அக்கால ஐரோப்பாவில் ஏழைப் பிள்ளைக்கு இத்துணை அக்கறை காட்டிய இடங்கள் அரியன.

ஆயினும் ஹாலேயில் பிள்ளைகளுக்கு விளையாட்டு இல்லை. பிள்ளையின் சுயசித்தம் பாவத்தின் இருப்பிடம்; அது முறிக்கப்பட்டாலன்றித் தேவபக்தி வேரூன்றாது என்று பிராங்கே நம்பினார். சோம்பலின் வழியே தீமை நுழையும் என அஞ்சினார். எனவே எந்நேரமும் கண்காணிப்பு இருந்தது. ஓய்வு வேளைக்கும் மரம் கடைதல், கண்ணாடி தீட்டுதல் போன்ற பயனுள்ள கைவேலைகள் வகுக்கப்பட்டன. ஹாலேயை நேரில் கண்ட ஜான் வெஸ்லி 1748இல் கிங்ஸ்வுட்டில் நிறுவிய பள்ளியிலும் இதே நிலை. அங்கு விடுமுறையும் இல்லை, விளையாட்டும் இல்லை. சிறுவயதில் பழகிய விளையாட்டு பெரியவனான பின்னும் விடாது என்பது அவர் கருத்து.

பிராங்கேயும் வெஸ்லியும் பிள்ளைகளை நேசித்தவர்களே. தாம் நேசித்த பிள்ளைகளின் ஆன்மாவுக்காக அஞ்சியே அவர்கள் இவ்வாறு செய்தனர். அன்பும் அச்சமும் ஒன்றாகக் கலந்தபோது, பலியானது விளையாட்டு.

4. திண்ணையின் மணல்: தரங்கம்பாடியிலிருந்து லண்டன் வரை

ஹாலேயின் மாணவர் பர்த்தலோமேயு சீகன்பால்க், தோழர் புளூட்சோவோடு 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்க விரும்பிய அவர் செய்த செயல் வரலாற்றில் இடம்பெறத்தக்கது. திண்ணைப் பள்ளி நடத்திய முதியவர் ஒருவரை அணுகி, அப்பள்ளியைத் தம் இல்லத்திற்கே வரவழைத்தார். பின்பு சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, அவர்கள் விரலால் மணலில் எழுதியவாறே தாமும் எழுதினார். தமிழ் அச்சுக்கும் தமிழ் வேதாகமத்திற்கும் வழிவகுத்த அந்த அருட்பணியாளர், 24ஆம் வயதில், முதல் வகுப்பு மாணவராகத் தம் பணியைத் தொடங்கினார். எனினும் அவர் நிறுவிய பள்ளிகளின் ஒழுங்கு ஹாலேயினின்று வந்ததே. ஜெபமும் வினாவிடையும் வாசிப்பும் எழுத்துமாக அங்கு நாள் வகுக்கப்பட்டது.

திண்ணைப் பள்ளியை நாம் மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ கட்டளையிட்ட ஆய்வின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவற்றில் பெண்பிள்ளைகள் மிகச் சிலர். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமேயில்லை. 1823இல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் அனுப்பிய அறிக்கை அம்மாவட்டப் பள்ளியின் காலைப்பொழுதை விவரிக்கிறது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும், இரண்டாவது வந்தவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இவ்வாறே ஏறிச்செல்லும். பிரம்பும் அங்கே இருந்தது; எனினும் முதல் எழுத்தைக் கற்கும் பிள்ளைக்கு மணலும் இருந்தது. மணலில் பிழை நிலைப்பதில்லை. உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் மறைந்துபோகும். மீண்டும் எழுதலாம். கல்வியும் விளையாட்டும் பிரியாத ஒரு கணம் அதுவே.

இம்மணல் கடல் கடந்த கதை வியப்புக்குரியது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு, 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் கையாளச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்துப் பயிலும் வகுப்பை ஒப்படைத்தார். அது வெற்றி பெற்றது. 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டில் இச்சோதனையைப் பற்றி அவர் வெளியிட்ட நூலின் வழியே, மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழைகளின் கல்விக்கென நிறுவிய தேசியக் கழகம் இம்முறையை மேற்கொண்டது.

ஆனால் அங்கே சென்று சேர்ந்தது என்ன? ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். மணல் பரப்பிய நீண்ட மேசைகள். ஒருவன் கட்டளையிட, யாவரும் ஒருசேர ஓர் எழுத்தை எழுதி, ஒருசேர அழித்தனர். செலவு குறைந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. ஏழைகளுக்கு எழுத்தறிவு கிட்டியது. அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் திண்ணையின் மணல் அங்கே கருவியாக மட்டுமே எஞ்சியது. பிள்ளை தன் விருப்பப்படி எழுதவும் அழிக்கவும் கொண்டிருந்த உரிமை கடல் கடந்து செல்லவில்லை.

5. ஓபர்லின்: ஒரு கிராமப் போதகரின் மறுவழி

இதே காலத்தில், பிரான்சின் அல்சாஸ் மலைப்பகுதியில், லூத்தரன் போதகர் ஒருவர் வேறொரு வழியைக் கண்டார். யோவான் பிரெடெரிக் ஓபர்லின் (1740–1826) 1767இல் வால்டர்ஸ்பாக் என்னும் ஏழைக் கிராமத்திற்கு வந்து, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். பெற்றோர் வயலுக்குச் சென்றபின் சிறுபிள்ளைகள் கவனிப்பாரின்றித் திரிவதை அவர் கண்டார். அச்சபையின் சாரா பன்சே என்னும் இளம்பெண் தன் சுற்றத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் பின்னல் வேலை கற்பிப்பதை அறிந்து, அவளையே அப்பணிக்கு நியமித்தார். இவ்வாறு 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'பின்னற்பள்ளிகள்' தோன்றின.

அங்கே மிகச் சிறியவர்கள் விளையாடினர். சற்றுப் பெரியவர்கள் பின்னியவாறே கதை கேட்டனர். படங்களைப் பார்த்துப் பேசினர், பாடினர், கோடைக்காலத்தில் வெளியே சென்று செடிகளின் பெயர் அறிந்தனர். வீட்டில் பேசிய வட்டார வழக்கிலிருந்து பள்ளியின் மொழிக்கு அச்சமின்றிக் கடந்தனர். சாரா 1774இல் இளமையிலேயே மறைந்தாள். ஓபர்லினின் இல்லத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்த லூயிஸ் ஷெப்ளர் அப்பணியைப் பல்லாண்டு தொடர்ந்தார். 1829இல் பிரெஞ்சு அகாதமி அவருக்குப் பரிசளித்துச் சிறப்பித்தது.

இங்கே போதகர் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம் சபையின் எளிய பெண் ஒருத்தி ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் கண்டு, அதற்கு இடமும் ஊதியமும் மதிப்பும் தந்தார். அவ்வளவே. நம் பள்ளிக் குழுவில் எழுந்து நின்ற ஆசிரியையை நினைக்கும்போது இவ்வரலாறு நம்மைக் குத்துகிறது.

6. பிரோபெல்: ஐயத்திற்குள்ளான தோட்டம்

பிரெடெரிக் பிரோபெல் (1782–1852) லூத்தரன் போதகர் ஒருவரின் மகன். ஒன்பது மாதக் குழந்தையாயிருந்தபோது தாயை இழந்தவர்; சபைப்பணியில் மூழ்கிய தந்தையின் கவனமின்றி வளர்ந்தவர். போதகர் இல்லங்களில் வளர்ந்த பலரும் இத்தனிமையை அறிவர். 1837இல் பிளாங்கன்பர்கில் சிறுபிள்ளைகளுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குப் 'பிள்ளைகளின் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்னும் பெயரைச் சூட்டினார். கம்பளிப் பந்துகள், மர உருண்டை, கனசதுரம், எட்டாகப் பிரியும் கட்டை ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குரிய 'கொடைகள்' என்று அழைத்தார். விளையாட்டு, பாடத்திற்கு முன் வைக்கப்படும் இனிப்பன்று. பிள்ளையின் உள்ளத்தில் கடவுள் வைத்தது வெளிப்படும் வழி என்பது அவர் நம்பிக்கை.

1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. இளைஞரை நாத்திகத்திற்கு இட்டுச்செல்லும் சமதர்மத் திட்டத்தின் பகுதி அது என்பது குற்றச்சாட்டு. பிரோபெலையும், அரசியல் எழுத்தாளரான அவருடைய உறவினர் கார்லையும் அமைச்சகம் குழப்பிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். தடை நீங்குமுன்னரே 1852இல் பிரோபெல் மறைந்தார். 1860இல் தடை விலக்கப்பட்டது. அவருடைய எழுத்தில் மறைபொருள் வாதம் கலந்திருந்தது உண்மை. இறையியலார் அதை ஆராய்ந்து திருத்தலாம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டையை அடுக்குவதில் ஓர் அரசு தன் அழிவைக் கண்டு அஞ்சியது சிந்தனைக்குரியது. கட்டளையின்றி மகிழும் பிள்ளை அதிகாரத்திற்கு என்றும் ஒரு புதிர்.

நம் நாட்டில் இப்பெயர் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சுருங்கிவிட்டது. அதன் கடைசி எழுத்து தோட்டத்தைக் குறிப்பது என்பதை அறியாமலே, மூன்றரை வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கிறோம்.

7. இறையியல் நோக்கு

ஜென்மபாவக் கோட்பாட்டைக் கைவிட்டால்தான் பிள்ளையை விளையாடவிட முடியுமா? அவ்வாறன்று என்பது நம் துணிபு. அக்கோட்பாட்டின் பெருந்தந்தையான அகுஸ்தீனே இதற்குச் சான்று. சிறுவயதில் பந்தாடியதற்காகத் தாம் அடிபட்டதை அவர் தம் அறிக்கை நூலில் நினைவுகூர்கிறார். அடித்த பெரியோரும் விளையாடவே செய்தனர்; தங்கள் விளையாட்டுக்கு அலுவல் என்று பெயரிட்டுக்கொண்டனர் என்று சுட்டுகிறார். பாவம் பிள்ளையிடம் உண்டு. அதைத் திருத்தவந்த பெரியோரிடமும் உண்டு. ஹாலேயின் பிழை பாவத்தை அதிகமாக எண்ணியது அன்று. அதைப் பிள்ளையின் விளையாட்டில் மட்டும் தேடிப் பெரியோரின் கண்டிப்பில் தேடாதது.

நம் ஆண்டவரும் பிள்ளைகளின் விளையாட்டைக் கூர்ந்து நோக்கியவர். சந்தைவெளியில் கலியாண விளையாட்டும் சாவு விளையாட்டும் ஆடி, தோழர் இணங்காததால் முறையிடும் சிறுவரை அவர் உவமையாக்கினார் (மத்தேயு 11:16-17). விளையாட்டிலும் பிணக்கு உண்டு என்று அறிந்தே பேசினார். எனினும் பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடத் தடை செய்தவர்களைக் கண்டு விசனமடைந்தார் (மாற்கு 10:14).

பழைய ஏற்பாட்டில் மேலும் ஆழமான சான்று உண்டு. மீட்கப்பட்ட எருசலேமின் அடையாளமாகச் சகரியா காண்பது, தெருக்களில் முதியோர் அமர்ந்திருப்பதையும், சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையும் ஆகும் (8:4-5). அங்கு வரும் எபிரேய வினைச்சொல்லே நீதிமொழிகள் 8:30-31இல், படைப்பின் வேளையில் கடவுளின் முன்னிலையிலிருந்த ஞானத்தைப் பற்றியும் வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் களிகூருதல் என்று கூறுவதால், இத்தொடர்பு தமிழ் வாசகருக்குத் தெரிவதில்லை. ஞானம் கடவுளின் முன் விளையாடுகிறது. யூர்கன் மோல்ட்மன் 1971இல் விளையாட்டின் இறையியலைப் பற்றித் தனி நூல் எழுதியபோது, புதிய ஒன்றைப் புகுத்தவில்லை. நாம் மறந்த ஒன்றை நினைவூட்டினார் எனலாம்.

ஆகவே, விளையாட்டை எழுத்து கற்பிக்கும் தூண்டில்முள்ளாக மட்டும் கொள்வது போதாது. அது பயன்படும் என்பது உண்மை. ஆனால் பயன்படாத போதும் அது நல்லது. ஓய்வுநாள் பயனுக்காக மட்டும் கொடுக்கப்படாததுபோல.

8. நம் முன்னுள்ள கடமை

இவற்றை எழுதும்போது ஒரு மறுப்பு நம் செவியில் ஒலிக்கிறது. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எழுத்தே மறுக்கப்பட்ட குடும்பத்தில், முதன்முதலாகப் பள்ளி சென்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் இருக்கின்றனர். அவர்தம் பாட்டிமார் மண்ணில் உழைத்துக் களைத்தவர்கள். "மண்ணில் கிடந்தது போதும், ஐயா, எங்கள் பிள்ளை எழுதட்டும்" என்று அவர்கள் கூறினால், அது அறியாமையன்று, நூற்றாண்டுகளின் வேதனை. திண்ணையில் இடம்பெறாத பிள்ளைகளை உள்ளே அழைத்தது மிஷன் பள்ளியே. அந்த எழுத்தை நாம் ஒருபோதும் குறைத்துக் கொடுக்கலாகாது. ஆனால் வசதியுள்ளோரின் பிள்ளைக்கு விளையாட்டும் எழுத்தும் ஒருங்கே கிடைக்க, ஏழையின் பிள்ளைக்குப் பயிற்சி ஏடு மட்டும் கிடைப்பது நீதியாகாது. மதராஸ் முறை ஏழைகளுக்கு எண்ணிக்கையைத் தந்து, மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டது; அதே பேரத்தை நாம் மீண்டும் செய்யலாமா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2003இல் சென்னை மாநகராட்சியில் தொடங்கி, 2007 முதல் மாநிலமெங்கும் செயல்வழிக் கற்றல் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பாடலையும் ஆடலையும் முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. இவற்றின் நிறைகுறைகளை வல்லுநர் ஆராயட்டும். சீகன்பால்க் அமர்ந்த தரையில் அரசுப்பள்ளி ஆசிரியர் அமர்ந்தபோது, சீகன்பால்கின் வழிவந்தோர் எங்கிருந்தோம் என்பதே நம் கேள்வி.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேரவரும் பிள்ளையைத் தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்தது. அச்சட்டம் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் பொருந்தாது என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நம்மில் பலர் ஸ்தோத்திரம் செலுத்தினோம். நம் உரிமை காக்கப்பட்டது நன்றே. ஆனால் எதற்காகக் கிடைத்த உரிமை அது? ஐந்து வயதுப் பிள்ளையை நாற்காலியில் அமர்த்தி வினாக் கேட்பதற்காகவா? சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நற்செய்தி நம்மைக் கட்டாயப்படுத்தவில்லையெனில், சிறுபான்மை உரிமை என்னும் சொல் நம் வாயில் வெறும் ஓசையாகும்.

எனவே தாளாளராகவும் பள்ளிக்குழு உறுப்பினராகவும் பணியாற்றும் திருப்பணியாளருக்கும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் இறையியல் மாணவருக்கும் சிலவற்றை முன்வைக்கிறோம். முதல் வகுப்பில் சேரவரும் பிள்ளைக்கு எவ்வடிவிலும் தேர்வு வேண்டா. முதல் வகுப்பினருக்கு வீட்டுப்பாடம் வேண்டா. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் பிள்ளைகள் தாங்களே தெரிந்து ஆடும் விளையாட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டும். தவறு செய்த பிள்ளையிடமிருந்து தண்டனையாக அதைப் பறிக்கலாகாது. முதல் வகுப்பு ஆசிரியைக்குப் பள்ளிக்குழுவில் குரல் மட்டுமன்றி வாக்கும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பரிசளிப்பு விழாவில் மேடையேறும் போதகர், மாதத்திற்கு ஒருமுறை முதல் வகுப்பின் தரையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, பேசாமல் பார்க்க வேண்டும்.

நாம் கை உயர்த்திய அந்தப் பள்ளியில் இன்று வகுப்பறைகள் கூடியுள்ளன, வேப்பமரமும் இல்லை. அந்த ஆசிரியை பணி ஓய்வு பெற்றுவிட்டார். கட்டடத்தின் பின்புறம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே சிறிது வெற்றிடம் உள்ளது. அங்கே இரண்டு வண்டி மணல் கொட்டவும், நிழலுக்கு மரக்கன்றுகள் நடவும் வேண்டிக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதியுள்ளோம். அவர் கேட்ட கேள்விக்கு நாம் தரும் விடை, தாமதமாகவேனும், அதுவே.